இரயிப் பாறைக் கீறல்களும் பிளான்ஃபோர்டின் நிலப்பாலமும்

கண்டங்கள் நகர்ந்தன என்பதற்கான சான்றுகளைத் தமிழில் சொல்லும்போது ஒரு வரிசை நிலைத்துவிட்டது. முதலில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் பொருந்தும் படம் வரும். அடுத்துக் குளோசோப்டெரிஸ் இலையும், மெசோசாரஸ், லிஸ்ட்ரோசாரஸ் எலும்புகளும் வரும். பழைய பனியாறுகள் விட்டுச்சென்ற தடங்கள், இடம் மிஞ்சினால், கடைசியில் ஒரு வாக்கியமாக வரும். மூல அறிக்கைகளை அவை வெளிவந்த முறையில் படித்துப் பார்த்தால் இந்த வரிசை தலைகீழானது என்று தெரிகிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் இலையும் எலும்பும் அசையாத கண்டங்களோடு நன்றாகவே ஒத்துப்போயின. ஒத்துப்போகாமல் நின்றது பனி ஒன்றுதான்.

இலையையும் எலும்பையும் அசையாத கண்டங்களோடு இணைத்த வாசிப்பு ஹென்றி ஃபிரான்சிஸ் பிளான்ஃபோர்டுடையது. லண்டன் புவியியல் கழகத்தின் காலாண்டிதழில் 1875இல் அவர் எழுதிய கட்டுரை, இந்தியாவில் தாவரப் படிவங்கள் கிடைக்கும் பாறைத் தொடரின் வயதையும், இந்தியப் பெருங்கடலில் முன்பு ஒரு கண்டம் இருந்தது என்ற கருத்தையும் பேசுகிறது. பின்னால் வந்த நிலப்பாலக் கொள்கைகள் பலவற்றின் எலும்புக்கூடு அதில் இருக்கிறது. நான் இங்கே மாறுபடுவது அவரோடுதான். ஆகவே அவருக்கு இங்கே கூடுதல் இடம் தர வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் புவியியல் படித்தவர்களுக்குப் பிளான்ஃபோர்டு புதியவர் அல்லர். திருச்சி, தென்னார்க்காடு மாவட்டங்களின் கிரெட்டேசியஸ் பாறைகளை ஆராய்ந்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தவர் அவரே. 1862இல் வெளிவந்த அந்தப் பகுப்பு இன்றும் வழக்கில் இருக்கிறது. அவரும் அண்ணன் வில்லியம் தாமஸ் பிளான்ஃபோர்டும் 1855இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர்கள். தம்பி பிறகு துறையை விட்டுக் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிக்குப் போனார். 1875இல் இந்திய வானிலைத் துறை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரானார். இமயத்தில் பனி மிகுதியாகப் பெய்யும் ஆண்டுகளுக்கும் சமவெளியில் மழை பொய்க்கும் ஆண்டுகளுக்கும் உள்ள தொடர்பை 1884இல் எழுதியவரும் அவர்தான். பாறையையும் வானிலையையும் ஒருங்கே அறிந்த ஒருவர், பண்டைக்காலத்துப் பனியைப் பற்றி எடுத்த முடிவை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

அவருடைய வாதம் இப்படிப் போகிறது. பெர்மியன் காலத்தின் தொடக்கத்தில், அண்மைக்காலப் பனியூழியில் நடந்தது போலவே, குளிர் தாழ்ந்த அகலக்கோடுகள்வரை இறங்கிவந்தது. வட கோளம், தென் கோளம் இரண்டிலும் அது ஒரே சமயத்தில் நிகழ்ந்தது என்று அவர் கருதுகிறார். குளிர் தணிந்தபோது அக்காலத்துத் தாவரங்களும் ஊர்வனவும் இந்தியா, ஆப்பிரிக்கா, ஒருவேளை ஆஸ்திரேலியா எங்கும் பரவின. அப்படிப் பரவ நிலம் வேண்டும். அந்த நிலமே இந்தியப் பெருங்கடல் கண்டம். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் மயோசீன் காலத்தின் இறுதிவரை, சிறு இடைவெளிகள் தவிர, இணைந்தே இருந்தன.

இந்த வாதத்தின் பின்பகுதி அன்றைய சான்றுகளுக்கு அழகாகப் பொருந்தியது. ராணிகஞ்சு நிலக்கரி வயலின் பாஞ்செட் படுகையில் கிடைத்த டைசினோடான் வகை எலும்புகளை ஹக்ஸ்லி 1865இல் விவரித்திருந்தார். அவற்றின் உறவினங்கள் தென்னாப்பிரிக்காவின் கரூ பாறைகளில் கிடைத்தன. குளோசோப்டெரிசுக்கு 1828இலேயே பிரான்யார் பெயரிட்டிருந்தார். அது இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைத்துக்கொண்டிருந்தது. பிளான்ஃபோர்டின் சொந்தக் கைச்சரக்கும் இருந்தது. திருச்சிப் பகுதியின் கிரெட்டேசியஸ் சிப்பிகள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரைச் சிப்பிகளை ஒத்திருக்கின்றன. நேட்டாலைவிடத் திருச்சிக்கு மிக அருகில் உள்ள நர்மதைப் பள்ளத்தாக்கின் பாக் படுகைச் சிப்பிகளோ அரேபியாவையும் ஐரோப்பாவையும் நோக்குகின்றன. இரண்டு கடல்களுக்கும் நடுவே ஒரு நிலத்தடுப்பு இருந்திருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். லெமூர்களின் பரவலை விளக்க ஸ்கிளேட்டர் 1864இல் இலெமூரியா என்று பெயரிட்ட நிலத்துக்குப் பாறைச் சான்று கிடைத்தது போல ஆயிற்று. பிற்காலத் தமிழ் எழுத்துகளில் இலெமூரியாவுக்குப் புவியியல் ஆதாரமாகக் காட்டப்பட்டது பெரும்பாலும் இந்த நிலப்பால மரபுதான்.

அரியலூர்–நேட்டால் ஒற்றுமையில் பிளான்ஃபோர்டின் கண் பிழைபடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அச்சிப்பிகள் உண்மையாகவே உறவுடையவை. இரண்டு கரைகளும் இன்றைவிட அன்று நெருங்கியிருந்தன. இந்தியாவே அங்கிருந்து பிரிந்து வந்தது. அவர் கண்ட ஒற்றுமை மெய்யானது; அதற்கு அவர் தந்த விளக்கமே தவறானது.

என் மறுப்பு அவருடைய வாதத்தின் முன்பகுதியைப் பற்றியது. குளிரையும் நிலத்தையும் அவர் இரண்டு தனிக் கதைகளாகப் பிரித்துவிட்டார். குளிர் உலகம் முழுவதற்கும் பொதுவாகிவிட்டால், அது எங்கே விழுந்தது என்ற கேள்விக்குப் பொருளில்லாமல் போகிறது. பரவலை விளக்க நிலம் மட்டும் போதும். ஆனால் 1875இல் அவர் முன்னே இருந்த பனித்தடங்களை ஒரு வரைபடத்தில் குறித்தாலே ஓர் அமைப்பு தெரிந்திருக்கும். தென் ஆஸ்திரேலியாவின் இன்மன் பள்ளத்தாக்கில் பனி தேய்த்த பாறையைச் செல்வின் 1859இல் அறிவித்திருந்தார். நேட்டாலின் டுவைக்கா பாறாங்கல் படுகை பனியால் ஆனது என்று சதர்லாந்து 1870இல் எழுதியிருந்தார். இந்தியாவின் சான்றோ பிளான்ஃபோர்டே பங்குகொண்ட கண்டுபிடிப்பு. மூன்றும் குளோசோப்டெரிஸ் விளைந்த நிலங்களில்தான் இருக்கின்றன.

அந்த இந்தியச் சான்றைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நினைவேடுகள் வரிசையில் முதல் தொகுதியின் முதல் பகுதி 1856இல் வெளிவந்தது. கட்டாக் மாவட்டத்தின் தால்சேர் நிலக்கரி வயலைப் பற்றிப் பிளான்ஃபோர்டு சகோதரர்களும் வில்லியம் தியபால்டும் சேர்ந்து எழுதிய அறிக்கை அது. நிலக்கரிப் படுகைகளுக்கு அடியில் விசித்திரமான ஒரு படிவு அவர்கள் கண்ணில் பட்டது. நுண்ணிய களிமண்ணும் வண்டலும் கலந்த பச்சைச் சாயல் கொண்ட பாறை. அதனுள்ளே கைப்பிடிக் கூழாங்கல் முதல் ஓர் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பாறாங்கல்வரை, அளவு பார்க்காமல் பதிந்து கிடந்தன. ஓடும் நீர் பாறாங்கல்லை உருட்டும் வேகத்தில் இருந்தால் களிமண்ணை அங்கே தங்கவிடாது. களிமண் தங்கும் அமைதியில் இருந்தால் பாறாங்கல்லை அசைக்காது. இரண்டையும் ஓரிடத்தில் போடக்கூடியது பனிதான் என்று அவர்கள் சொன்னார்கள். தால்சேர் இருப்பது வட அகலக்கோடு 21 பாகையை ஒட்டி. இருபதுகளில் இருந்த இளைஞர்கள், வெப்பமண்டலச் சமவெளியில் நின்றுகொண்டு, இங்கே பனி இருந்தது என்று அச்சில் எழுதியது பெரும் துணிவு.

ஆனால் என்ன வகைப் பனி? அறிக்கையில் அவர்கள் கையாண்ட சொல் தரைப்பனி. கடுங்குளிரில் ஆற்றின் அடித்தரையிலேயே உறைந்து, கற்களைப் பற்றிக்கொண்டு மேலே மிதந்து, உருகும் இடத்தில் கற்களை உதிர்த்துவிடும் பனிக்கட்டி அது. அதற்குக் குளிர்காலம் ஒன்று இருந்தால் போதும். பனியாற்றுக்கு அது போதாது. ஆண்டுக்கு ஆண்டு உருகாமல் திரண்டு, தன் எடையால் தானே நகரும் அளவுக்குப் பனி வேண்டும். தரைப்பனி என்ற சொல்லைத் தேர்ந்தபோது அந்த அறிக்கை சான்றைத் தன் அளவுக்குச் சுருக்கிக்கொண்டது என்று நான் வாசிக்கிறேன்.

இனி இரயிப் பாறை. மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூருக்குத் தென்மேற்கே, பெங்கங்கை ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் இரயி. அகலக்கோடு 20 பாகைக்குச் சற்றே குறைவு. 1872இல் துறையின் தலைவர் தாமஸ் ஓல்டாமும் ஃபெடனும் அங்கே தால்சேர் வகைப் பாறாங்கல் படுகையைப் பார்த்தார்கள். கற்களில் பலவற்றின் முகங்கள் தேய்ந்து, கீறல் விழுந்திருந்தன. அதைவிட முக்கியமானது அப்படுகையின் அடித்தளம். அது மிகப் பழைய சுண்ணாம்புப் பாறை. அதன் மேற்பரப்பு இழைத்தது போல மெருகேறியிருந்தது. அந்த மெருகின் மேல் நீண்ட, ஒன்றுக்கொன்று இணையான கீறல்களும் பள்ளக்கோடுகளும் ஓடின. ஆய்வுத் துறையின் பதிவேடுகள் வரிசையின் எட்டாம் தொகுதியில், 1875இல், ஃபெடன் இதைச் சில பக்கக் குறிப்பாக வெளியிட்டார்.

இக்குறிப்பை நான் ஒரு கல்வெட்டைப் போலவே படிக்கிறேன். கல்வெட்டில் எழுத்து எந்த முகத்தில் வெட்டப்பட்டது, அதன் மேல் எந்தக் காரை பூசப்பட்டது என்பது காலத்தைச் சொல்லும். இங்கும் அப்படியே. கீறல்கள் பாறாங்கல் படுகைக்கு அடியில் புகுந்து போகின்றன. எனவே அவை பின்னாளில் ஆற்று வெள்ளமோ மண்சரிவோ இழுத்த கோடுகள் ஆகமாட்டா. படுகை படிவதற்கு முன்போ, படியும் நேரத்திலோ உண்டானவை. கீறியது எதுவோ, அதுவே கற்களையும் கொண்டுவந்து போட்டிருக்கிறது. கற்களின் முகத்திலும் தளத்தின் முகத்திலும் ஒரே கைவேலை தெரிகிறது. கோடுகள் நேராக, இணையாக, நீளமாக இருப்பது, அடியில் கற்களைப் பதித்துக்கொண்ட ஒரு பெரும் பாரம் ஒரே திசையில் விடாமல் நகர்ந்ததைக் காட்டுகிறது. ஆற்றில் மிதக்கும் பனிக்கட்டி தரையில் உரசினால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு விழும், பாறைத்தளம் மெருகேறாது. இரயியில் நகர்ந்தது பனியாறு.

ஆனால் ஃபெடனின் குறிப்புக்கு வைக்கப்பட்ட தலைப்பு, தால்சேர் காலத்தில் வெப்பமண்டல இந்தியாவில் தரைப்பனி இருந்ததற்கான சான்று என்பதே. உள்ளே விவரிக்கப்படுவது பனியாற்றின் தளம். மேலே இருப்பது 1856இன் சொல். முந்தைய அறிக்கையின் சொல் பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தும் புதிய சான்றின் மேல் அப்படியே ஒட்டிக்கொண்டது. இதைச் சொல்லளவிலான சிறு விஷயமாக நான் கருதவில்லை. தரைப்பனி என்றால் உலகம் கொஞ்சம் குளிர்ந்தது என்று சொல்லி முடித்துவிடலாம். பனியாறு என்றால் 20 பாகை அகலக்கோட்டில் ஒரு பனிப்போர்வைக்கு இடம் தேட வேண்டும். பிளான்ஃபோர்டின் கண்டம் அதே 1875இல், பழைய சொல்லின் நிழலிலேயே எழுந்தது.

மறுதரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தால்சேர் வயலிலேயே, பனியாற்றின் முன்னே தேங்கிய நீரில் மிதந்த பனிக்கட்டிகள் கற்களை உதிர்த்ததால் உண்டான படுகைகள் உள்ளன. மெல்லிய அடுக்குகளாகப் படிந்த வண்டலுக்குள் ஒற்றைக் கல் மேலிருந்து விழுந்து அடுக்கை அமுக்கிய தடங்கள் அங்கே தெளிவு. அவ்விடத்துக்கு மிதக்கும் பனி என்ற 1856இன் எண்ணம் முற்றிலும் பிழையன்று. ஓரிடத்துக்குப் பொருந்திய சொல்லை எல்லா இடத்துக்கும் பரப்பியதுதான் பிழை.

இரு கோளங்களிலும் ஒரே சமயத்தில் என்ற அவருடைய சொல்லுக்கு வருகிறேன். அதைத் தம் கருத்துச் சாய்வாகவே பிளான்ஃபோர்டு எழுதுகிறார், நிறுவியதாகச் சொல்லவில்லை. வட கோளத்துப் பெர்மியன் பனிக்கு அன்று இருந்த பெரிய ஆதாரம், இங்கிலாந்தின் மத்தியப் பகுதிப் பெர்மியன் உடைகல் படுகைகள் பனியால் ஆனவை என்று ராம்சே 1855இல் எழுதியது. அப்படுகைகள் வறண்ட நிலத்து மலையடிவாரங்களில் திடீர் வெள்ளம் கொண்டுவந்து குவித்த கற்கள் என்று பின்னாளில் தெரிந்தது. ராம்சேயின் பனி போனால் பிளான்ஃபோர்டின் வட கோளக் குளிர் தரையின்றி நிற்கும். அக்காலத்து ஐரோப்பிய, வட அமெரிக்க நிலக்கரிக் காட்டு மரங்களின் கட்டையில் ஆண்டு வளையங்கள் பெரும்பாலும் இல்லை. பருவமாற்றம் இல்லாத வெப்பநிலத்தின் அடையாளம் அது. குளோசோப்டெரிஸ் காட்டு மரக்கட்டைகளில் வளையங்கள் தெளிவாக இருக்கின்றன. ஒரே குளிர் இரண்டு காடுகளையும் மூடியிருந்தால் இந்த வேறுபாடு வந்திராது.

வட கோளப் பனியைத் தேடும் முயற்சி பிளான்ஃபோர்டோடு முடியவில்லை. பாஸ்டன் அருகே உள்ள ஸ்குவாண்டம் படுகையைப் பெர்மியன் காலத்துப் பனிப்படிவு என்று சேல்ஸ் 1914இல் எழுதினார். கண்டப்பெயர்ச்சிக்கு எதிராக அது நெடுநாள் நின்றது. கண்டப்பெயர்ச்சிக் கொள்கையை முன்வைத்த வெகெனர் தம் நூலின் 1929 பதிப்பில் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கதிரியக்க முறை வயதுக்கணிப்பு அப்படுகையைப் பெர்மியனிலிருந்து பெயர்த்து, கேம்பிரியனுக்கும் முற்பட்டதாக வைத்துவிட்டது.

குளிர் உலகப் பொதுவன்று என்றால் ஒரு மாற்றுவழி மிஞ்சுகிறது. இரயிப் பனி உயர்ந்த மலையிலிருந்து இறங்கியிருக்கலாமே? பூமத்தியரேகையில் உள்ள கென்யா மலையிலும் பனியாறு உண்டு. இந்தக் கேள்விக்கு விடை பிளான்ஃபோர்டின் காலத்தில் இல்லை. அதற்காக அவரைக் குறைகூற மாட்டேன். பஞ்சாபின் உப்புமலைத் தொடரில் பனிப் பாறாங்கல் படுகையின் மேலேயே கடல்வாழ் உயிர்களின் படிவங்கள் இருப்பதை வார்த் 1886இல் கண்டார். 1921இல் மத்திய இந்தியாவின் உமரியாவில், தால்சேர் படுகையின் மேல் கடற்சிப்பிகள் நிறைந்த மெல்லிய படுகையொன்று வெளிப்பட்டது. பனி நின்ற இடத்தைக் கடல் உடனே மூடியிருக்கிறது என்றால் அந்த நிலம் கடல்மட்டத்தை ஒட்டியே இருந்தது. தால்சேர் மணற்கற்களில் ஃபெல்ட்ஸ்பார் துகள்கள் சிதையாமல் புதிதாக இருப்பது அந்தத் தாழ்நிலமே குளிர்ந்திருந்ததைச் சொல்கிறது. வெப்பமண்டல மழையில் அந்தக் கனிமம் விரைவில் களிமண்ணாகிவிடும்.

பனி எத்திசையிலிருந்து வந்தது என்பது அடுத்த இடி. உப்புமலைப் படுகையின் கற்களில் சில ராஜஸ்தானத்து மலானி எரிமலைப் பாறைகள். அவை தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்தவை. நேட்டாலில் பனி வடக்கிலிருந்து தெற்கே போயிருக்கிறது. இரண்டும் இன்றைய பூமத்தியரேகையை விட்டு விலகும் திசை. தென் ஆஸ்திரேலியாவில் அது தெற்குக் கடலின் பக்கமிருந்து வந்தது. பிரேசிலில் தென்கிழக்கிலிருந்து, அதாவது இன்று அட்லாண்டிக் இருக்கும் திசையிலிருந்து நிலத்தின் மேல் ஏறியது. கடலிலிருந்து பனியாறு ஏறுவதில்லை. அங்கே நிலம் இருந்தது, இன்று இல்லை.

மூழ்கிப்போன நிலம் என்று பிளான்ஃபோர்டு மரபினர் இதற்கும் சொல்ல முடியும். அங்கேதான் இன்னொரு பழைய இந்தியச் சான்று குறுக்கே வருகிறது. அவர் கல்கத்தாவில் இறங்கிய அதே 1855இல், அந்நகரின் ஆர்ச்டீக்கன் பிராட், இமயமலை தூக்குக்குண்டை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கணக்கிட்டு வெளியிட்டார். முக்கோணவியல் அளவையில் கலியானாவுக்கும் கலியான்பூருக்கும் இடையே கண்ட பிசகு 5.236 விநாடிகள். கணக்குப்படி வர வேண்டியது 15.885 விநாடிகள். மலையின் அடியில் கனம் குறைந்த பொருள் இருப்பதால்தான் இழுப்பு குறைகிறது என்ற விளக்கத்தை வானியலாளர் ஏரி (Airy) உடனே தந்தார். கண்டங்கள் இலேசான பாறையால் ஆனவை, கனத்த அடிப்பாறையின் மேல் மிதப்பவை என்ற கொள்கை இதிலிருந்து வளர்ந்தது. மிதப்பது தானாக மூழ்காது. ஒரு முழுக் கண்டம் இந்தியப் பெருங்கடலின் அடியில் இறங்கிப்போவது இயலாதது என்பதற்கான விதை பிளான்ஃபோர்டின் ஊரிலேயே விதைக்கப்பட்டிருந்தது. வெகெனர் நிலப்பாலங்களை மறுத்தபோது எடுத்த முதல் ஆயுதம் இதுதான்.

இனிச் சுருக்கமாகச் செல்லலாம். கோண்டு மக்களின் நாட்டிலிருந்து மெட்லிகாட் 1872இல் கையெழுத்து அறிக்கையில் எடுத்த கோண்டுவானா என்ற பெயர், 1876இல் ஃபைஸ்ட்மாண்டல் வழியாக அச்சேறியது. புவியியலாளர் சூயஸ் தம் பெருநூலின் முதல் தொகுதியில், 1885இல், அதையே பெருங்கண்டத்தின் பெயராக்கினார். சூயசின் கோண்டுவானாவும் மூழ்கிய நிலங்களால் ஆனதே; இவ்வகையில் அவர் பிளான்ஃபோர்டின் வாரிசு. வெகெனர் 1912 ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் தம் கருத்தை முதலில் பேசினார், 1915இல் நூலாக்கினார். அவரும் வானிலை அறிஞர். கண்டங்கள் இன்றுள்ள இடத்திலேயே நின்றன என்று வைத்து, தென்துருவத்தை எவ்வளவு வசதியான இடத்துக்கு, 50 பாகை தெற்கு, 45 பாகை கிழக்குக்கு, நகர்த்தினாலும், பிரேசில், இந்தியா, கிழக்கு ஆஸ்திரேலியா ஆகியவற்றின் பனிநிலங்கள் பூமத்தியரேகைக்கு 10 பாகைக்குள் வந்துவிழும் என்று அவர் காட்டினார். கண்டங்களைச் சேர்த்துவைத்தால் பனித்தடங்கள் அனைத்தும் துருவத்தைச் சுற்றி ஒரு தொப்பியாக ஒடுங்குகின்றன. 1924இல் கொப்பெனோடு சேர்ந்து எழுதிய பண்டைத் தட்பவெப்ப நூலின் முதுகெலும்பு இதுவே. பிளான்ஃபோர்டு கேட்காமல் விட்ட கேள்வியை இன்னொரு வானிலையாளர் கேட்டார்.

புதைபடிவங்கள் அப்போது எந்த நிலையில் இருந்தன? குளோசோப்டெரிஸைப் பெரும்பாலோர் பெரணி என்றே எண்ணினார்கள். பெரணியின் வித்துத்தூள் காற்றில் கடல்தாண்டிப் போகக்கூடியது. அப்படியானால் அதற்குக் கண்டம் நகரவும் வேண்டாம், பாலமும் வேண்டாம். அண்டார்க்டிகாவில் ஸ்காட்டும் தோழர்களும் 1912இல் உயிர்விடும்வரை இழுத்துவந்த ஏறத்தாழ 16 கிலோ கற்களில் குளோசோப்டெரிஸ் இருப்பதை ஸீவர்ட் 1914இல் வெளியிட்டது மாபெரும் செய்தி. ஆனாலும் அதுவும் பாலக் கொள்கையை அசைக்கவில்லை. பாலம் இன்னும் நீண்டது, அவ்வளவுதான். 1932இல் ஷூகர்ட்டும் பெய்லி வில்லிசும் குறுகிய நிலத்தொடுப்புகளை வரைந்து, அவை கடல் நீரோட்டங்களைத் திருப்பித் தெற்கைக் குளிர்வித்தன என்று பனிக்கும் ஒரு விளக்கம் தேட வேண்டியதாயிற்று. இலைக்காகப் பாலக் கொள்கையினர் வருந்தவில்லை, பனிக்காகவே வருந்தினார்கள். குளோசோப்டெரிஸ் விதைத் தாவரம் என்பதை, இலையோடு ஒட்டிய விதையுறுப்புகளைக் காட்டி எட்னா பிளம்ஸ்டெட் தென்னாப்பிரிக்காவில் விவரித்தது 1952இல். அண்டார்க்டிகாவின் கோல்சாக் பிளஃப் என்ற இடத்தில் கோல்பர்ட் குழுவினர் லிஸ்ட்ரோசாரஸைக் கண்டது 1969இல். நம் பாடங்களில் பனிக்கு முன்னால் வரும் இந்தச் சான்றுகள் இரண்டும் உறுதிப்பட்ட காலம் இது.

புதைபடிவச் சான்றில் ஒன்றை மட்டும் நான் விதிவிலக்காகக் கொள்கிறேன். அது பீர்பல் சாஹ்னியின் வாதம். 1936இல் வெகெனரின் கொள்கையைத் தாவரப் படிவங்களின் ஒளியில் ஆராய்ந்த அவர், தொலைவில் உள்ளவை ஒத்திருப்பதைவிட அருகில் உள்ளவை ஒவ்வாதிருப்பதை முன்னே வைத்தார். இந்தியாவின் குளோசோப்டெரிஸ் தாவரக் கூட்டமும் சீனம், சுமத்திரா ஆகியவற்றின் ஜைகான்டோப்டெரிஸ் கூட்டமும் இன்று ஒன்றுக்கொன்று அண்டையில் இருக்கின்றன. ஆனால் அவற்றின் தட்பவெப்பமும் இயல்பும் வேறு வேறு. பாலம் ஒற்றுமையை விளக்கும். அண்டை வீட்டாரின் இந்த அந்நியத்தை எந்தப் பாலமும் விளக்காது. அன்று அவை தொலைவில் இருந்தன, பிறகு நெருங்கின என்பதே வழி. பிளான்ஃபோர்டின் கொள்கையைத் தாவரப் படிவங்களைக் கொண்டே மறுக்க முடியும் என்று காட்டியவர் சாஹ்னி. அதற்குரிய மதிப்பு அந்தக் கட்டுரைக்குக் கிடைக்கவில்லை. இங்கும் வாதத்தின் உயிர் தட்பவெப்பத்தில்தான் இருக்கிறது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

தக்காண எரிமலைப் பாறைகளின் காந்தத் திசையை அளந்து, அவை உறைந்தபோது இந்தியா தென் கோளத்தில் இருந்தது என்று கிளெக், டாய்ச், கிரிஃபித்ஸ் மூவரும் 1956இல் எழுதியபின் இந்த வழக்கு வேறு நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. அதை இங்கே விரிக்கவில்லை.

காலக்கணக்கில் இன்னும் தீராதவை உண்டு. பெர்மியன் தொடக்கம் இன்றைய கணக்கில் 29 கோடியே 89 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். தால்சேர் படுகையின் பெரும்பகுதி அதற்குப் பின்னர் வருவதில் கருத்து வேறுபாடு குறைவு. அதன் அடிப்பகுதி கார்போனிஃபெரஸ் இறுதிக்குள் போகிறதா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. இந்தியப் பனி ஒரே போர்வையா, பல பள்ளத்தாக்குகளில் தனித்தனியே இறங்கிய பனியாறுகளா என்பதும் முடிவாகவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. தென் அமெரிக்காவில் பனி முதலில் வந்து முதலில் போனது. ஆஸ்திரேலியாவில் கடைசிவரை நீடித்தது. பனியின் மையம் மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்ததைத் தென்னாப்பிரிக்கப் புவியியலாளர் டு டாய்ட் உணர்ந்து எழுதினார். பெருங்கண்டம் துருவத்தின் மேல் மெல்லக் கடந்துபோனதன் தடம் அது. ஆகவே பிளான்ஃபோர்டின் ஒரே சமயம் என்ற சொல் வட கோளத்துக்குத் தென் கோளத்தோடு பொருந்தவில்லை என்பதோடு நிற்கவில்லை. தென் நிலங்களுக்குள்ளேயே அது பொருந்தவில்லை.

பள்ளி, கல்லூரிப் பாடநூல்களை எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். கண்டப்பெயர்ச்சிப் பாடத்தில் இரண்டு கரைகள் பொருந்தும் படத்துக்கு முன்னால் இரயிப் பாறையின் கீறல்களை வையுங்கள். 20 பாகை அகலக்கோட்டில், கடல்மட்டத்தில், பனியாறு எப்படி வந்தது என்ற கேள்வியை மாணவரிடம் விட்டுவிட்டு, அதன்பிறகு இலையைக் காட்டுங்கள்.